கொல்லைப்புறச் சுடுநீர்த் தொட்டி: பேவர் கல்லில் ஒரு மழைக்காலம், கான்கிரீட்டில் இரண்டரை ஆண்டு

தொட்டி என் ஆசை இல்லை, மாமனாருடையது. பிரெஞ்சு ராணுவத்தில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். புதுச்சேரி வழக்கில் சொன்னால் சொல்தா. பிரான்சில் இருந்தபோது முழங்கால் வலிக்குச் சுடுநீர்த் தொட்டியில் உட்கார்ந்து பழகியவர், அரியாங்குப்பத்துக்குத் திரும்பிய பிறகும் அது வேண்டும் என்றார். "இந்த ஊர் வெயிலிலா?" என்று என் மனைவி கேட்டாள். மார்கழி, தையில் வெந்நீர், சித்திரையில் ஹீட்டரை நிறுத்திவிட்டுப் பச்சைத் தண்ணீர் என்று இன்றுவரை ஓடிக்கொண்டிருக்கிறது. அதனால் தொட்டியைப் பற்றிக் குறை ஒன்றும் இல்லை. அது உட்கார்ந்திருக்கும் தரையைப் பற்றித்தான் இந்தப் பகிர்வு.

2021 நவம்பரில் வாங்கியபோது எல்லோரும் எடையைப் பற்றியே பயமுறுத்தினார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தேன். இரண்டு மீட்டருக்கு இரண்டு மீட்டர் தொட்டி. தண்ணீர் 1,100 லிட்டர், அதாவது 1,100 கிலோ. வெறும் தொட்டி 280 கிலோ, நான்கு பேர் உட்கார்ந்தால் இன்னொரு 280. மொத்தம் 1,660 கிலோ; சதுர மீட்டருக்கு 415 கிலோ. இளகிய மணல்கூட இதைப்போலப் பல மடங்கு தாங்கும். (மொட்டை மாடியில் வைக்கலாமே என்பவர்களுக்கு: வீட்டு மாடிகளை வழக்கமாகச் சதுர மீட்டருக்கு 150 கிலோ கூடுதல் சுமைக்குத்தான் கணக்கிடுவார்கள். பொறியாளரைக் கேட்காமல் ஏற்றாதீர்கள்.)

எடை பயமில்லை என்று தெரிந்ததும் எனக்கு அசட்டுத் துணிச்சல் வந்துவிட்டது. மணல் பரப்பி, தட்டி, அதன்மேல் பேவர் கல் பதித்தோம். 11,000 ரூபாயில் இரண்டே நாளில் வேலை முடிந்தது. பார்க்கவும் அழகாக இருந்தது.

அடுத்த ஐப்பசி மழையில் குட்டு வெளிப்பட்டது. தொட்டியே ரசமட்டம் என்பது அப்போதுதான் புரிந்தது. கிணற்றடிப் பக்கம் தண்ணீர் விளிம்பைத் தொட்டது. எதிர்ப்பக்கம் மூன்று விரல் கீழே நின்றது. சில நாளில் பம்ப் இணைப்பில் கசிவு. சரிபார்க்க வந்தவர் பம்பைப் பார்க்கும் முன் தரையைப் பார்த்தார். நான்கு கற்களைப் பெயர்த்தால் அடியில் பெருச்சாளி வளை, கை முழங்கை வரை போயிற்று. பெருச்சாளி மணலை வெளியே தள்ள, மழை மிச்சத்தைக் கரைக்க, கற்கள் அந்தரத்தில் நின்றிருக்கின்றன. தாங்கும் வலு மண்ணில் இருந்தது, மண்தான் அங்கே இல்லை.

மரப் பலகைத் தளம் போடலாம் என்றார் மாமனார். எங்கள் வீட்டு ஜன்னல் சட்டத்தைக் கரையான் தின்ற கதையை நினைவூட்டினேன். ஜல்லிப் படுகை நல்ல யோசனைதான், தண்ணீர் வடியும், வளை தோண்டுவதும் கடினம். ஆனால் எங்கள் மணலில் சுற்றிலும் தடுப்புக் கட்டாவிட்டால் அது பக்கவாட்டில் பரவிவிடும். தடுப்புக்குச் செலவழிப்பதற்குப் பதில் தளமே போட்டுவிடலாம் என்று முடிவு செய்தேன்.

2023 பிப்ரவரியில் தொட்டியைக் காலி செய்து எட்டுப் பேர் தூக்கி நகர்த்தினோம். வளையைத் தோண்டி, தண்ணீர் விட்டு இடித்து நிரப்பி, ஒன்றரை அங்குல ஜல்லிக் கலவை நான்கு அங்குலக் கனம். மேலே பிளாஸ்டிக் தாள். அதன்மேல் ஐந்து அங்குலக் கான்கிரீட், 8 மி.மீ. கம்பி ஆறு அங்குல இடைவெளியில். கடற்காற்று ஊர் என்பதால் கம்பி தரையில் படாமல் கவர் பிளாக் (கம்பியைத் தூக்கிப் பிடிக்கும் சிறு கட்டை) வைத்தே ஆகவேண்டும் என்று நின்றேன். கிணற்றில் உப்பு ஏறியிருந்ததால் கலவைக்கும், போட்ட கான்கிரீட்டை இறுகும்வரை ஈரமாக வைப்பதற்கும் (நீராற்றல்) குழாய்த் தண்ணீர்தான். உப்பு உள்ளே போனால் கம்பி துருப்பிடித்து ஊதிக் கான்கிரீட்டையே பிளக்கும்.

மேஸ்திரியோடு ஒரே ஒரு சண்டை, வாட்டத்தைப் பற்றி, அதாவது தண்ணீர் வடிய வைக்கும் சரிவு. "வாட்டம் இல்லாத தளத்தை நான் போட்டதே இல்லை சார், அடிக்கு ஒரு நூலாவது வேண்டும்" என்றார். ஒரு நூல் என்றால் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. இரண்டு மீட்டருக்கு அது முக்கால் அங்குலத்துக்கு மேல் ஆகிவிடும்; தண்ணீர் மறுபடி ஒருபக்கம் சாயும். கடைசியில் தொட்டிக்கு அடியில் மொத்தமே இரண்டு நூல், வெளி விளிம்பில் அவர் இஷ்டம் என்று சமாதானமானோம். மின்கம்பிக் குழாயைக் கான்கிரீட் போடும் முன்பே பதித்தது என் மனைவி சொன்ன யோசனை. 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி-யிலிருந்து (மின்கசிவு வந்தால் உடனே துண்டிக்கும் சுவிட்ச்) வரும் கம்பி, எர்த்திங் எல்லாம் அந்த வழியாகத்தான். பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தினோம். கான்கிரீட் வலுப்பெறக் காத்திருந்த 28 நாள் முடிவதற்குள், எப்போது தொட்டியை வைப்போம் என்று மாமனார் இருபது முறை கேட்டுவிட்டார். செலவு சுமார் 24,000 ரூபாய். முதலிலேயே போட்டிருந்தால் அந்த 11,000 மிச்சம்.

2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 46 செ.மீ.க்கு மேல் மழை. கொல்லையில் கணுக்காலுக்கு மேல் தண்ணீர். தளம் தரையிலிருந்து அரையடி உயரம் என்பதால், தொட்டியின் அடியில் இருக்கும் பம்பும் மோட்டாரும் இரண்டு விரல் வித்தியாசத்தில் தப்பின. தளத்தைச் சுற்றிய மண் அரித்துப் போயிருந்தது, அவ்வளவுதான். தொட்டித் தண்ணீர் அந்த இரண்டு நூல் வாட்டத்துக்கு மேல் எந்தப் பக்கமும் சாயவில்லை. அளவுகோல் வைத்துப் பார்த்தேன்.

குறைகள் உண்டு. ஒரு மூலையில் மயிரிழை விரிசல், இதுவரை வளரவில்லை. மழைக்காலத்தில் பாசி பிடித்து வழுக்குகிறது. மாமனாருக்காக ரப்பர் விரிப்புப் போட்டிருக்கிறோம். பெரிய தவறு, பம்ப் கதவு இருக்கும் பக்கம் மதிலுக்கும் தொட்டிக்கும் ஒன்றரை அடிதான் விட்டது. பழுது பார்க்க வருகிறவர் ஒருக்களித்துப் படுத்து வேலை செய்கிறார், ஒவ்வொரு முறையும் என்னைத் திட்டுகிறார். மூன்று அடியாவது விடுங்கள். கான்கிரீட்டைப் பிறகு நகர்த்த முடியாது.

பழைய பேவர் கற்களைக் கிணற்றடியிலிருந்து துவைக்கும் கல் வரை பதித்துவிட்டோம். நடக்க நன்றாகவே இருக்கின்றன. பெருச்சாளியும் இப்போது அங்கேதான் குடியிருக்கிறது.