'பிக் அப்': நெடுநாள் பயனரின் அனுபவம்

எங்கள் டிரான்ஸ்போர்ட் டெஸ்க்கில் புதிதாகச் சேர்ந்த தம்பி ஒரு கேள்வி கேட்டான். "அண்ணே, மெயில்ல 'பிக் அப்' போட்டாலே யாராவது திருத்துறாங்க. பேசாம 'கலெக்ட்'னே எழுதிடட்டுமா?" அவனுக்கு ஒரு வரியில் பதில் சொல்ல முடியவில்லை, அதனால் எழுதுகிறேன்.

சென்னை ஓ.எம்.ஆர். சாலைப் பக்கத்து ஐ.டி. கம்பெனிகளுக்கு ஷிஃப்ட் வண்டி அனுப்புவது எங்கள் வேலை. ராஸ்டர் (யாருக்கு எந்த ஷிஃப்ட் என்ற பட்டியல்), பிக்கப், டிராப், நோ ஷோ (ஆள் வராமல் போவது) என்று நாள் முழுக்க இதே பேச்சுதான். ஆகவே 'பிக் அப்' என்ற இந்த ஆங்கில வினையைப் பற்றிக் கருத்துச் சொல்ல எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு. கீழே கிடப்பதை எடுப்பது, போனை எடுப்பது, ஆளை வண்டியில் ஏற்றிக்கொள்வது, இந்த மூன்று அர்த்தமும் எல்லோருக்கும் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடலாம். இவ்வளவு சின்னதாக இருந்துகொண்டு இவ்வளவு வேலை பார்க்கும் வினை ஆங்கிலத்தில் கொஞ்சம்தான். "பிக் அப் சம் மில்க் ஆன் யுவர் வே ஹோம்" என்றால் வருகிற வழியில் அப்படியே பால் வாங்கிக்கொண்டு வா என்று பொருள். அதற்குப் பதில் 'வாங்கு' என்ற பொருளில் வரும் ஆங்கில 'பை' போட்டால் அந்த 'அப்படியே' வராது. ஹோட்டலில் "ஐ'ல் பிக் அப் தி பில்" என்றால் காசு நான் கொடுக்கிறேன். "பிசினஸ் இஸ் பிக்கிங் அப்" என்றால் வியாபாரம் சூடு பிடிக்கிறது. அங்கே எதையும் எடுக்கவும் வேண்டாம், ஏற்றவும் வேண்டாம்.

எனக்கு ரொம்பப் பிடித்தது, காதால் கேட்டே ஒரு மொழி வந்துவிடுவதற்கு இதைச் சொல்வது. எங்கள் டிரைவர்களில் பலர் நன்றாக இந்தி பேசுவார்கள். யாரும் உட்கார்ந்து படித்ததில்லை. பின் சீட்டில் நடக்கிற பேச்சைக் கேட்டே வந்தது. "ஹி பிக்ட் அப் ஹிந்தி ஃப்ரம் ஹிஸ் பாசெஞ்சர்ஸ்." இதில் 'லேர்ன்ட்' என்று மாற்றிப் பாருங்கள், நோட்டும் பேனாவுமாக டியூஷனுக்குப் போன மாதிரி ஆகிவிடும். சளி பிடிப்பதற்கும் இதே வினைதான் என்பது கூடுதல் வசதி.

சரி, குறைக்கு வருவோம். குறை 'பிக்'கில் இல்லை, 'அப்'பில்தான்.

தமிழில் நாம் 'பிக்கப்' என்று இரண்டையும் ஒட்டிப் பெயர்ச்சொல் ஆக்கிவிட்டோம். பிறகு 'பண்ணு' சேர்த்துக்கொள்கிறோம். "அவரைப் பிக்கப் பண்ணு", "வண்டியில பிக்கப் இல்ல", "படம் மூணாம் நாள் பிக்கப் ஆயிடுச்சு." எங்கே போட்டாலும் அந்தக் கட்டி உடையாது. அதே கட்டியை அப்படியே தூக்கிக்கொண்டு ஆங்கிலத்துக்குப் போகிறோம். "ஐ வில் பிக்கப் ஹிம்" என்று வந்துவிடுகிறது. ஆங்கிலத்திலோ அது கட்டியே இல்லை. நடுவில் ஆள் வந்தால் வழிவிட வேண்டும்: "ஐ வில் பிக் ஹிம் அப்."

எப்போதும் வழிவிட வேண்டுமா என்றால் அதுவும் இல்லை. அங்கேதான் எரிச்சல். ஆளின் பெயர் வந்தால் உங்கள் இஷ்டம்: "பிக் அப் ரமேஷ்" என்றாலும் சரி, "பிக் ரமேஷ் அப்" என்றாலும் சரி. 'ஹிம்', 'ஹெர்', 'தெம்', 'இட்' வந்தால் நடுவில்தான் உட்கார வேண்டும், வேறு வழியே இல்லை. அதுவே "துபாய் ஃபிளைட்டில் வரும் இரண்டு எஞ்சினியர்கள்" என்று நீளமாக வந்தால் 'அப்'புக்குப் பின்னால் போடுவதே நல்லது. நடுவில் போட்டால் படிக்கிறவர் 'அப்' வருவதற்குள் களைத்துவிடுவார்.

இதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. ஆங்கில வாக்கியத்தில் அழுத்தம் பெரும்பாலும் கடைசிப் பக்கம் விழும். 'ஹிம்' என்பது ஏற்கெனவே பேசிக்கொண்டிருக்கும் ஆள்தான், புதுச் செய்தி இல்லை. அது மெல்ல உள்ளே போய்விடும், அழுத்தத்தை 'அப்' வாங்கிக்கொள்ளும். வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தால் இது புரியும். லாங்மன் அகராதியில் இப்படிப் பிரிகிற வினைகளுக்கு நடுவே இருபக்கமும் முனையுள்ள ஒரு அம்புக்குறி போட்டிருப்பார்கள். தம்பி அதைப் பார்த்துப் பழகலாம். ஆனால் இந்த விதியைப் பிடித்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனால் அடி விழும். 'லுக் ஆஃப்டர்' (கவனித்துக்கொள்) பிரியவே பிரியாது. "லுக் ஆஃப்டர் ஹிம்"தான், "லுக் ஹிம் ஆஃப்டர்" கிடையாது. ஒரே குடும்பத்து வினைகள், ஆளுக்கொரு சட்டம்!

இந்தத் தொல்லை வேண்டாமென்று சிலர் 'அப்'பையே வெட்டிவிடுகிறார்கள். "டிரைவர் வில் பிக் யூ அட் ஃபைவ்." நம் ஊரில் எல்லோருக்கும் புரியும். வெளியூர்க்காரருக்கு அது "டிரைவர் உங்களைத் தேர்ந்தெடுப்பார்" என்று கேட்கும். மான்செஸ்டரிலிருந்து வந்த விருந்தினர் ஒருவருக்கு இப்படி ஒரு மெயில் போனது. தன்னைத் தேர்ந்தெடுத்ததற்கு மிக்க நன்றி என்று பதில் எழுதியிருந்தார். நல்ல மனிதர், சிரித்துவிட்டு விட்டுவிட்டார்.

எனக்குச் சிரிப்பு வராத விஷயம் ஒன்று இருக்கிறது. வண்டி எண் அனுப்பும் மென்பொருளை வெளியே ஒரு நிறுவனத்திடம் வாங்கியிருக்கிறோம். அதன் எஸ்.எம்.எஸ். வார்ப்பிலேயே "யுவர் கேப் வில் பிக்கப் யூ" என்று இருக்கிறது. 'பிக்கப்' சேர்த்து எழுதினால் அது பெயர்ச்சொல். வினையாக வரும்போது பிரித்துத்தான் எழுத வேண்டும். தவிர 'யூ' நடுவில் வர வேண்டும். ஒரே வரியில் இரண்டு தப்பு, ஒவ்வொரு ராத்திரியும் நூற்றுக்கணக்கான போனுக்குப் போகிறது. மாற்றச் சொல்லி அந்த நிறுவனத்துக்குப் புகார் டிக்கெட் போட்டேன். "ரிசால்வ்ட்", அதாவது தீர்ந்தது, என்று மூடினார்கள். அன்றைக்கு ராத்திரியும் அதே எஸ்.எம்.எஸ்.தான். மறுபடி போட்டேன். இலக்கணம் அவர்களுடைய ஒப்பந்தத்தில் வராதாம்.

இதில் அந்த வினையின் மேல் பழி போடுவது நியாயமில்லை என்று தெரிகிறது. ஆனாலும் ஒழுங்காக ஓரிடத்தில் நிற்கிற வினையாக இருந்திருந்தால் இந்த வம்பே வந்திருக்காது.

பேச்சுக்கு இதை விட்டால் வேறு வழியில்லை. "டிட் யூ பிக் ஹிம் அப்?" என்று போனில் டிரைவரைக் கேட்கிற வேகத்துக்கு ஈடாக எதுவும் கிடையாது. ஐந்துக்கு நாலு தாராளமாகத் தரலாம். தம்பிக்கு என் பதில்: மெயிலில் 'கலெக்ட்' என்றே எழுது. "தி டிரைவர் வில் கலெக்ட் யூ அட் ஃபைவ்." பிரிட்டிஷ்காரர்கள் ஆளைக் கூட்டிவருவதற்கும் அதைச் சகஜமாகச் சொல்வார்கள். அமெரிக்கர் காதுக்குப் பார்சல் வாங்கப் போவது மாதிரிக் கேட்கலாம்தான். நம் விருந்தினர்களில் பெரும்பாலோர் அமெரிக்கர்கள் என்பதும் எனக்குத் தெரியும். இருந்தாலும் இந்த மாதம் 'கலெக்ட்'தான். அந்த எஸ்.எம்.எஸ். திருந்தட்டும், அப்புறம் பார்க்கலாம்.