சிட்ரிக் ஆசிட் தூள் 1 கிலோ: சரக்கு நல்லது, லேபிள்தான் மோசம்

எங்கள் வீட்டில் போர் தண்ணீர்தான். குழாய், ஷவர், பக்கெட் விளிம்பு என்று எல்லாவற்றிலும் வெள்ளையாக உப்புக்கறை. தள்ளுவண்டியில் விற்கும் பாத்ரூம் ஆசிட்டின் நெடி ஒத்துக்கொள்ளாததால் இந்தத் தூளை ஆன்லைனில் வாங்கினேன். தூள் சுத்தமாக இருக்கிறது, தண்ணீரில் போட்டால் கசடே இல்லாமல் கரைகிறது. நாலு ஸ்டார். மீதி ஒன்றைப் பிடித்துவைத்திருப்பது லேபிளுக்காக.

"ஒரு பக்கெட் தண்ணீருக்கு இரண்டு ஸ்பூன்" என்று போட்டிருக்கிறார்கள். எந்தப் பக்கெட், எந்த ஸ்பூன்? எப்படிக் கணக்குப் போட்டாலும் லிட்டருக்கு ஒன்றிரண்டு கிராம்தான் வருகிறது, அதிலும் ஒரு பங்கை போர் தண்ணீரில் ஏற்கெனவே கரைந்திருக்கும், அமிலத்தை முறிக்கும் பைகார்பனேட் உப்பே தின்றுவிடும், அப்புறம் கறைக்கு என்ன மிஞ்சும்? இதே தூளுக்கு ஒரு ஸ்டார் போட்டு "வேலையே செய்யல" என்று எழுதியிருப்பவர்களில் பாதிப் பேர் லேபிளை நம்பியவர்கள் என்றுதான் நினைக்கிறேன்.

உப்புக்கறையில் பெரும்பகுதி கால்சியம் கார்பனேட். அமிலத்தின் ஹைட்ரஜன் அயனிகள் அதன்மேல் மோதினால்தான் அது கரைந்து கார்பன் டை ஆக்சைடு குமிழாக வெளியேறும். ஒரே அளவு தண்ணீரில் அயனிகள் அதிகமாக இருந்தால் ஒரு நொடியில் நடக்கும் மோதல்களும் அதிகம், கறையும் சீக்கிரம் போகும். பிளஸ் டூவில் படித்த செறிவு, வினைவேகம் எல்லாம் இதுதான்.

நான் கலப்பது லிட்டருக்கு 50 கிராம். குழாய் மேல் துணியை நனைத்துச் சுற்றிவிட்டால் உடனே நுரைக்க ஆரம்பிக்கிறது. ஷவர் தலையில் கறை தடித்துப் போயிருந்ததால் அதற்கு மட்டும் 100 கிராம். சரி, 200 போட்டால் நாலு மடங்கு வேகமா என்றால், இல்லை. சிட்ரிக் வீரியம் குறைந்த அமிலம், மூலக்கூறுகளில் சிறு பங்குதான் அயனியாகப் பிரியும், அதனால் நாலு மடங்கு தூளுக்கு ஹைட்ரஜன் அயனிகள் ஏறக்குறைய இரண்டு மடங்குதான் கூடும். ஹைட்ரோகுளோரிக் அப்படியில்லை, முழுசாகப் பிரிந்துவிடும். 10 சதவீத ஹைட்ரோகுளோரிக் இருக்கும் டாய்லெட் கிளீனரில் என்னுடைய 50 கிராம் கரைசலைவிட நூறு மடங்குக்கும் மேல் அயனிகள் இருக்கும், அந்த வேகத்தை இந்தத் தூளிடம் எதிர்பார்க்காதீர்கள். ஆனால் அந்த வேகம் டைல்ஸ் இடுக்கு சிமென்டையும் விடாது, ஸ்டீல் குழாயையும் அரிக்கும். இரவு ஊறவைக்க நேரம் இருப்பவர்களுக்குத் தூளே போதும்.

குமிழி நின்றுவிட்டதே, கறை போய்விட்டது என்று நினைக்க வேண்டாம். வினை நடக்க நடக்க அமிலம் செலவாகிச் செறிவு குறைகிறது, வேகமும் கூடவே படுத்துவிடுகிறது. பழையதைக் கொட்டிவிட்டுப் புதிதாக ஊற்றிப் பாருங்கள், மறுபடி நுரைத்தால் கறை இன்னும் இருக்கிறது. சூடான தண்ணீரில் கலந்தாலும் வேகம் கூடும்தான், ஆனால் கொதிக்கக் கொதிக்க ஊற்றி அப்படியே விட்டால் கால்சியம் சிட்ரேட் வெள்ளைப் பொடியாகப் படிந்து, அதை வேறு தேய்க்க வேண்டியிருக்கும்.

மார்பிள் தரைப் பக்கம் இதைக் கொண்டு போகவே வேண்டாம். மார்பிளும் கால்சியம் கார்பனேட்தான், பளபளப்பு போய்விடும். பிளீச்சோடு எந்த ஆசிட்டையும் சேர்க்கக் கூடாது, குளோரின் வாயு கிளம்பும். பாக்கெட்டின் பின்பக்கம் இந்த இரண்டில் ஒன்றைக்கூடப் போடவில்லை, விற்பவருக்கு மெசேஜ் அனுப்பியும் பதில் இல்லை.

ஜிப் பாக்கெட்டும் கிடையாது. பிரித்ததும் காற்றுப் புகாத டப்பாவில் கொட்டி, மேலே பெயர் எழுதி ஒட்டிவிடுங்கள், பார்ப்பதற்குச் சர்க்கரை மாதிரியே இருக்கிறது.