குதிரை சுற்றித் தங்கம் அலசும் தொட்டி: வேலூர்ப் பட்டறையில் செய்து வாங்கிய மாடல்

காட்பாடி ரோடு பக்கம் ஒரு சின்ன மரப் பட்டறை. போன மாதம் அங்கே 4,200 ரூபாய்க்கு ஒரு மாடல் செய்து வாங்கினேன். இதுமாதிரி யாரும் கேட்டிருக்க மாட்டார்கள், அதனால் விவரமாகவே எழுதுகிறேன்.

மகள் மெல்போர்னில் இருக்கிறாள். போயிருந்தபோது பெண்டிகோ ஊருக்கு வெளியே தைலமரக் காட்டுக்குள் கூட்டிப் போனாள். தரையில் வட்டமாக ஒரு பள்ளம், நடுவில் மண் திட்டு, பள்ளத்தில் சருகும் கொஞ்சம் மழைத் தண்ணீரும். தெரியாதவர்கள் தாண்டிப் போய்விடுவார்கள். 1854 வாக்கில் அந்தப் பக்கம் பரவிய தங்கம் அலசும் தொட்டி அது. அங்கே தங்கம் கெட்டிக் களிமண்ணோடு கலந்து கிடந்தது, தட்டில் போட்டு அலசினால் லேசில் கரையாது. அதனால் பள்ளத்தில் மண்ணையும் தண்ணீரையும் கொட்டி, திட்டில் கம்பம் நட்டு, அதிலிருந்து வெளியே நீளும் மரத்தில் குதிரையைக் கட்டிச் சுற்றவிட்டார்கள். அந்த மரத்தோடு சேர்ந்து பள்ளத்துக்குள் இழுபடும் இரும்புப் பற்கள் களியைக் கிழித்துக் கரைக்கும். சேற்றை வெளியே விட்டுவிட்டால் சரளையும் தங்கமும் அடியில் நிற்கும். என் தாத்தா குடியாத்தம் பக்கத்திலிருந்து கோலார் சுரங்கத்துக்குப் போனவர், அங்கே பாறையை உடைத்துப் பொடியாக்கித்தான் தங்கம். களிமண்ணைக் கரைத்தும் எடுத்திருக்கிறார்கள் என்பதைப் பேரனுக்குக் கையில் கொடுத்துக் காட்ட ஆசைப்பட்டேன்.

போட்டோவைப் பார்த்த ஆசாரி அண்ணன், "சுண்ணாம்பு அரைக்கிற குழிதானே சார்" என்றார். நம் பக்கம் மாடு கட்டிக் கல் உருளையைச் சுற்றவிடும் அந்தக் குழி, பார்க்க அப்படியேதான் இருக்கும். முதலில் செய்ததிலும் கல் உருளைதான் வைத்திருந்தார். அரைக்க இல்லை அண்ணே, கிளற என்றேன். "அப்போ ஏர் ஓட்டுற வேலை" என்று சொல்லி, ஒரு சட்டத்தில் ஆணிகளைச் சீப்புப் பல் மாதிரி வரிசையாக அடித்துக் கொடுத்தார், அதற்குத் தனியாகக் காசு வாங்கவில்லை. வடிகால் ஓட்டையையும் அடிமட்டத்தில் போட்டிருந்தார். அப்படி விட்டால் சேற்றோடு தங்கமும் போய்விடும், அதை ஒன்றரை விரல் மேலே ஏற்றச் சொன்னேன், செய்தார்.

வாசலில் வைத்து ஓட்டிப் பார்த்தோம். ஏரிக் களிமண் இரண்டு கை, லேத்தில் கேட்டு வாங்கிய பித்தளைத் தூள் ஒரு ஸ்பூன், ஒரு சொம்புத் தண்ணீர். முதல் ஐந்தாறு சுற்றுக்குக் கட்டி கட்டியாகப் புரண்டுகொண்டிருந்தது, அப்புறம் மோர்க்குழம்பு பதத்துக்கு வந்தது. தண்ணீர் ஊற்றி ஊற்றி வடித்ததும் அடியில் மணலுக்கு நடுவே மஞ்சளாகக் கோடு தெரிந்தது, பேரன் விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தான். பித்தளை தண்ணீரைவிட எட்டரை மடங்கு கனம், தங்கமோ 19 மடங்கு. பித்தளையே நிற்கும்போது தங்கம் எங்கே போகும்!

வாசல் முழுக்கச் சேறு, கழுவ அரை மணி நேரம். பெண்டிகோவில் இந்தச் சேறு ஓடையையே அடைத்து ஊரைப் படுத்தி எடுத்தது, 1859 வாக்கில் அரசாங்கம் இதற்கென்றே விசாரணைக் குழு போட்டது. ஒரு சொம்புத் தண்ணீருக்கே இவ்வளவு என்றால் நூற்றுக்கணக்கான தொட்டிகளுக்கு எவ்வளவு என்று அப்போதுதான் உறைத்தது.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். 12 நாள் என்றவர் 24 நாள் எடுத்தார், நடுவில் போனும் எடுக்கவில்லை. மர இணைப்பில் தண்ணீர் கசிந்தது, எம்-சீல் வைத்து நானே அடைத்தேன். குதிரையின் முன்னங்கால் இரண்டாம் நாளே விட்டுப்போனது, எடுத்துப் போனதும் உள்ளே குச்சி சொருகி அங்கேயே ஒட்டிக் கொடுத்தார். வேலை சுத்தம், கேட்டுக் கேட்டுச் செய்கிற மனுஷன். நீங்கள் கொடுப்பதானால் போட்டோ மட்டும் போதாது, வடிகாலின் உயரம் வரை காகிதத்தில் வரைந்து கொடுங்கள். குதிரையைக் கொஞ்சம் தடித்த காலோடு கேளுங்கள்.