கோலாலம்பூருக்கு முதலில் எது: இன்னொரு ரயில் தடமா, கூடுதல் பேருந்துகளா?

தூரப் பயணத்துக்கு ரயிலை அடித்துக்கொள்ள ஆளில்லை. நான்கு பெட்டிகள் கொண்ட ஒரு எம்ஆர்டி (நகர விரைவு ரயில்) வண்டி ஏறக்குறைய 1,200 பேரை ஏற்றிக்கொண்டு, சாலை நெரிசலுக்கு மேலே போய்விடும். ஆனால் காத்திருக்க வேண்டும்: காஜாங் தடத்தின் வேலை 2011இல் தொடங்கி, 2017இல்தான் முழுமையாகத் திறந்தது. செலவும் மலைக்க வைக்கும்.

பேருந்து அப்படியல்ல. வண்டியும் ஓட்டுநரும் இருந்தால் சில மாதங்களில் ஓட்டிவிடலாம். ரயில் எட்டாத தாமான்களுக்குள்ளும், அதாவது குடியிருப்புப் பகுதிகளுக்குள்ளும், நுழையும். அதன் பலவீனம், கார்களோடு ஒரே சாலையில் மாட்டிக்கொள்வது. கோலாலம்பூருக்கு அருகே சன்வேயில் 2015 முதல் ஓடும் பிஆர்டி (விரைவுப் பேருந்து) வண்டிக்குத் தனி மேம்பாலப் பாதை உண்டு. அங்கே அந்தத் தொல்லை இல்லை.

என் ஓட்டு பேருந்துக்குத்தான். மாலை மழையில் எந்த எம்ஆர்டி நிலையத்து வாசலையும் பாருங்கள். மஸ்ஜிட் இந்தியா கடைத்தெருவில் வாங்கிய பைகளோடு ஒரு பாட்டி இணைப்புப் பேருந்துக்காக நிற்பார். ரயிலில் மிச்சமான நேரமெல்லாம் அங்கேயே கரைந்துபோகும். மாதம் 50 ரிங்கிட் மை50 அட்டையில் மலேசியர்கள் ரயில், பேருந்து இரண்டிலும் போகலாம். ஆக, பலருக்குக் கட்டணம் பிரச்சினையே இல்லை. காத்திருப்புதான் அவர்களைத் திரும்பவும் காருக்கு விரட்டுகிறது. சரி, புதிய தடம் வேண்டாமா? வேண்டும். அதற்கு முன் ஏற்கெனவே உள்ள நிலையங்களிலிருந்து, நெரிசல் நேரத்தில் பத்து நிமிடத்துக்கு ஒரு இணைப்புப் பேருந்து புறப்படட்டும்.