பெயர் மாற்றம்: அச்சு சிலிண்டர் வெட்டும் முன்பா, வியாபாரம் பெருகிய பின்பா?

மசாலாப் பொடி, சத்துமாவு, ஊறுகாய் என்று சிறிதாகத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் சாமி பெயரையோ பிள்ளை பெயரையோ வைத்துவிடுகிறார்கள். நாலைந்து ஊருக்குச் சரக்கு போன பிறகுதான் அதே பெயரில் இன்னும் இரண்டு பேர் இருப்பது தெரியவருகிறது. அப்போது மூன்று வழிகள் உண்டு. உடனே மாற்றலாம். வியாபாரம் பெருகட்டும் என்று தள்ளிப்போடலாம். ஃபர்ம் பெயரை விட்டுவிட்டு, பாக்கெட்டில் உள்ள பிராண்ட் பெயரை மட்டும் மாற்றலாம். எங்கள் யூனிட்டில் எடுத்தது முதல் வழி. அதனால் இந்த அலசல் அந்தப் பக்கம் சாய்ந்துதான் இருக்கும்.

காகித வேலையை வைத்து முடிவெடுக்காதீர்கள். தனி உரிமையாளர் நிறுவனத்தில் பான் எண் மாறுவதில்லை, அதனால் ஜிஎஸ்டி எண்ணும் மாறாது. பெயர் மாறிய 15 நாளுக்குள் ஜிஎஸ்டி போர்ட்டலில் ஆர்இஜி-14 என்ற திருத்தப் படிவம் போட வேண்டும். உத்யம் என்னும் சிறுதொழில் பதிவில் திருத்தம் இலவசம். உணவு உரிமத்துக்கு, அதை வழங்கும் எஃப்எஸ்எஸ்ஏஐ-யின் ஃபாஸ்காஸ் தளத்தில் திருத்த விண்ணப்பம் போட்டால் போதும், 14 இலக்க எண் அப்படியே இருக்கும். இன்று மாற்றினாலும் ஐந்து வருடம் கழித்து மாற்றினாலும் இந்த வேலை ஒன்றேதான்.

வித்தியாசம் பேக்கிங்கில் இருக்கிறது. வெற்று பவுச்சில் ஸ்டிக்கர் ஒட்டி விற்கும் வரை, பெயர் மாற்றம் என்பது ஊர் அச்சகத்தில் இன்னொரு ஆயிரம் ஸ்டிக்கர் அடிப்பதுதான். பவுச் செய்யும் ஃபிலிமையே அச்சடித்து வாங்கும் ரோலுக்குப் போன அன்றே கணக்கு மாறிவிடுகிறது. கிராவ்யூர் அச்சில், அதாவது டிசைனைச் செதுக்கிய உலோக உருளையால் அடிக்கும் முறையில், ஒரு நிறத்துக்கு ஒரு சிலிண்டர். ஆறு நிற டிசைன், ஐந்து அயிட்டம் என்றால் 30 சிலிண்டர் வரை போகும். பெயரைச் சிவப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்தாக, மஞ்சள் ஓரம், கறுப்பு நிழல் கொடுத்து அமைத்திருந்தால், அந்த ஒரு சொல்லை மாற்ற ஒவ்வொரு அயிட்டத்துக்கும் மூன்று நான்கு சிலிண்டரை மறுபடி செய்ய வேண்டும். டிசைனரிடம் முதலிலேயே சொல்லி, பெயர் முழுவதையும் ஒரே நிறத்தில் நிறுத்தினால் ஒரு சிலிண்டரோடு தப்பலாம். பெயரை மாற்றும் எண்ணமே இல்லாதவர்கள்கூட இதைச் செய்துவைப்பது நல்லது.

அடுத்தது ரோல் இருப்பு. 6-க்கு 8 அங்குல பவுச், 12 மைக்ரான் பாலியெஸ்டரோடு 50 மைக்ரான் பாலி ஒட்டிய ஃபிலிம் என்றால், ஒரு பவுச் ஏறக்குறைய 4 கிராம். 100 கிலோ ரோலில் 25,000 பவுச் வரும். ஒரு அயிட்டம் மாதம் 2,000 பாக்கெட் போனால் அந்த ரோல் தீர ஒரு வருடம் தாண்டும். அதுவும் எல்லா அயிட்டமும் ஒன்றாகத் தீராது. சாம்பார் பொடி ரோல் முடியும்போது கரம் மசாலா ரோல் பாதிகூட ஓடியிருக்காது. ஒரே அலமாரியில் இரண்டு பெயர் நிற்கும். கடைக்காரர் போலிச் சரக்கோ என்று கேட்பார்.

மிச்ச ரோலில் புதுப் பெயரை ஸ்டிக்கராக ஒட்டிக்கொள்ளலாம் என்று நினைப்பவர்கள் பாக்கெட் சரக்கில் என்னென்ன அச்சிட வேண்டும் என்று சொல்லும் பேக்கேஜ்டு கமாடிட்டீஸ் விதிகள், 2011-ல் 6(3)-ஐப் படிக்க வேண்டும். தயாரிப்பாளர் பெயர், முகவரி போன்ற கட்டாய விவரங்களைத் தனி ஸ்டிக்கர் ஒட்டி மாற்றக் கூடாது. ஃபர்ம் பெயரும் பிராண்ட் பெயரும் ஒன்றாக இருப்பவர்கள் இங்கேதான் மாட்டுகிறார்கள்.

பார்கோடும் கூடவே வரும். பார்கோடு எண் தரும் ஜிஎஸ்1 அமைப்பின் விதிப்படி முதன்மை பிராண்ட் பெயர் மாறினால் ஒவ்வொரு அயிட்டத்துக்கும் புது எண் தர வேண்டும். சூப்பர் மார்க்கெட்டுக்குச் சரக்குப் போடுகிறவர்கள் புது எண்ணை அவர்கள் சிஸ்டத்தில் ஏற்றிய பிறகே முதல் லோடு அனுப்ப வேண்டும். இல்லையென்றால் பில்லிங்கில் ஸ்கேன் ஆகாமல் சரக்கு திரும்பி வரும்.

தள்ளிப்போடுவதில் நியாயமே இல்லையா? ஒரே ஒரு இடத்தில் உண்டு. அந்தப் பெயரை மற்றவர்களுக்கு முன்பிருந்தே நீங்கள் பயன்படுத்தி வருகிறீர்கள், பழைய பில்கள் கையில் இருக்கின்றன என்றால், டிரேட்மார்க் சட்டம் பிரிவு 34 முந்தைய பயன்பாட்டைக் காக்கிறது. அப்போது மாற்றுவதை விட, பயன்பாட்டுத் தேதியைக் காட்டி விண்ணப்பிப்பதே மேல். ஆனால் சாமி பெயரென்றால் அங்கேயும் தரை வழுக்கும். ஊதுபத்திக்கு 'ராமாயண்' என்ற பெயரைக் கேட்ட வழக்கில், புனித நூலின் பெயரை ஒருவர் மட்டும் உரிமை கோர முடியாது என்று 2015-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

மூன்றாவது வழி, ரோல் ஏற்கெனவே அடித்துவிட்டவர்களுக்கு ஏற்றது. ஃபர்ம் பெயர் மாறாததால் ஜிஎஸ்டி, வங்கிக் கணக்கு, உணவு உரிமம் எதையும் தொட வேண்டாம். பழைய பெயரில் வரும் செக்கும் சிக்கலின்றிப் பாஸாகும். தீரும் ரோலுக்குப் பதிலாகப் புதுப் பெயர் ரோலை ஒவ்வொன்றாக இறக்கலாம். இரண்டு பெயரைத் தூக்கிச் சுமப்பதுதான் குறை. இந்த வழியில் நீண்ட காலம் ஓட்டியவர்களின் அனுபவமே இதற்குச் சரியான அளவுகோல். உணவகம், ஜவுளிக் கடைக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. அங்கே செலவு போர்டிலும் கூகுள் மேப்பிலும் இருக்கும்.

முதல் வழிக்கே போகிறவர்கள் வரிசையைக் குலைக்கக் கூடாது. முதலில் டிரேட்மார்க் தளத்தில், மசாலாவும் மாவும் வரும் சரக்குப் பிரிவான வகுப்பு 30-ல் தேடுங்கள். எழுத்து வாரியாக மட்டும் போதாது, உச்சரிப்பு வாரியாகவும் தேட வேண்டும். பெயரில் ழகரம் இருந்தால் ஆங்கிலத்தில் இசட்-எச் போட்டு ஒரு முறை, எல் போட்டு ஒரு முறை. ஊறுகாய்க்கு வகுப்பு 29-ஐயும் பார்க்க வேண்டும். பிறகு டிஎம்-ஏ என்னும் டிரேட்மார்க் பதிவு விண்ணப்பம்: தனிநபராகப் போட்டாலோ உத்யம் பதிவுள்ள சிறு நிறுவனமாக இருந்தாலோ இணையத்தில் வகுப்புக்கு 4,500 ரூபாய், மற்ற நிறுவனங்களுக்கு 9,000. டிரேட்மார்க் அலுவலகத்தின் ஆய்வு அறிக்கையில் ஆட்சேபம் வருகிறதா என்று பார்க்கும் வரை ஸ்டிக்கரிலேயே ஓட்டுங்கள். டிரேட்மார்க் ஜர்னலில் உங்கள் பெயர் வெளியான பிறகும் எதிர்ப்புத் தெரிவிக்க மற்றவர்களுக்கு நான்கு மாதம் உண்டு. அந்தக் கெடு தாண்டிய பிறகு சிலிண்டருக்கு ஆர்டர் கொடுங்கள். அதற்கு முன் அவசரம் என்றால், அதிகம் ஓடும் ஒரே ஒரு அயிட்டத்துக்கு மட்டும் அடியுங்கள்.