தேரைக்கு முன் அரை மணி நேரம்: பாபநாசம் அருகே ஓர் இரவு நடை

ஐப்பசி மழை ஓய்ந்த ஓர் இரவில், பாபநாசத்தை அடுத்த தோப்பு ஒன்றில் இளைஞர் சிலர் கட்டணம் பெற்று நடத்தும் தவளை பார்க்கும் நடைக்கு என் அக்காவையும் அவர் மகளையும் அழைத்துச் சென்றிருந்தேன். காட்டுக்குள் செல்லாமல் வாய்க்கால் கரையோடும் தென்னை வரிசையோடும் முடிந்துவிடும் நடை அது.

பம்புசெட் அருகே, ஈர மட்டைக்கு அடியில் இருந்த ஒரு தேரைக்கு முன் அரை மணி நேரம் நின்றோம். கொடுத்த காசு அந்த அரை மணி நேரத்துக்கே தகும். வழிகாட்டிய தம்பி டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்தபோது, கண்ணுக்குப் பின்னால் அவரை விதை போலப் புடைத்திருந்த சுரப்பியும் அதன் மேலிருந்த நுண்துளைகளும் தெளிவாகத் தெரிந்தன. "அமுக்கிக் காட்டுங்க அண்ணே" என்று மருமகள் கேட்டதற்கு, "வேண்டாம் தாயி, அந்த விஷப் பால் மறுபடி ஊற அதுக்கு நாளாகும்" என்று அவர் மறுத்தது எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

சற்று நேரத்தில் தோப்பு நாயே அதைக் காட்டிவிட்டது. நாய் நெருங்கியதும் தேரை உடலை உப்பிக்கொண்டு, தலையைத் தாழ்த்திச் சுரப்பியை நாயின் வாய்க்கு நேராகக் கொடுத்தது. கவ்விய நாய் அடுத்த நொடியே துப்பிவிட்டு, நுரை தள்ளத் தலையை உதறியது. தம்பி அதன் வாயைக் கீழ்நோக்கிச் சாய்த்து, குழாய் நீரால் நெடுநேரம் கழுவினார். அந்தப் பால் இதயத்துடிப்பைக் குலைக்கும் என்பதால், விழுங்கியிருந்தால் உடனே கால்நடை மருத்துவரிடம் கொண்டு செல்ல வேண்டும் என்றார்.

தேரை இந்த நஞ்சைத் தன் உடலிலுள்ள கொலஸ்டிரால் என்ற கொழுப்புப் பொருளிலிருந்து தானே ஆக்கிக்கொள்கிறது. கொலம்பியாவின் பசிபிக் கடலோர மழைக்காட்டில் வாழும் பொன்னிறத் தவளையோ, தான் தின்னும் சிறு பூச்சிகளிலிருந்து நஞ்சைப் பெற்றுத் தோலில் சேர்க்கிறது. அதனால்தான் கூண்டில் பிறந்து பழ ஈ தின்று வளரும் தவளையிடம் அது இருப்பதில்லை. நரம்பணுக்களுக்குள் சோடியம் நுழையும் நுண்ணிய வாயில்களை மூடவிடாமல் செய்து தசைகளையும் இதயத்தையும் நிறுத்தும் அந்த நஞ்சை, எம்பெரா பழங்குடியினர் ஊதுகுழல் அம்புகளில் தடவி வேட்டையாடினர். இவ்வளவையும் அந்தத் தம்பி பிள்ளைகளுக்குப் புரியும்படி சொன்னார்.

ஒரே குறை, வாசல் பலகையில் அந்தப் பொன்னிறத் தவளையின் படத்தைப் போட்டிருப்பது. இங்கே அதைப் பார்க்கலாம் என்று நம்பி வந்த ஒரு குடும்பம் பாதியிலேயே திரும்பிவிட்டது. அந்த இடத்தில் தேரையின் படத்தையே போட வேண்டும். முடிவில் எல்லோரையும் சோப்புப் போட்டுக் கை கழுவ வைக்கிறார்கள். பிள்ளைகளுக்கு முழங்கால் வரை மூடும் பூட்ஸ் கொண்டு செல்லுங்கள், வரப்பு நன்றாக வழுக்குகிறது.