டிஆர்எம் ரேடியோ: பல வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு

சிற்றலையிலும் மத்திய அலையிலும் ஏஎம்முக்குப் பதிலாக டிஜிட்டல் முறையில் ஒலிபரப்பும் ஏற்பாடுதான் டிஆர்எம் (டிஜிட்டல் ரேடியோ மோண்டியால்). அதற்கான ரிசீவர் ஒன்றைப் பல வருடங்களாகக் கேட்டு வருகிறேன். ஒலியைப் பற்றி ஒரு குறையும் இல்லை. பழைய ஏஎம் நிலையத்துக்கு ஒதுக்கிய அதே 9 அல்லது 10 கிலோஹெர்ட்ஸ் இடத்துக்குள் எஃப்எம்முக்குப் பக்கத்தில் நிற்கிற தெளிவு. சிற்றலையின் கரகரப்பில் ஊறிய காதுக்கு இது பெரிய ஆச்சரியம்.

ஆனால் சிக்னல் வலுவாக இருக்கும்வரைதான் இந்தச் சுகம். ஏஎம்மில் சிக்னல் தேய்ந்தால் குரலும் தேயும். இரைச்சலுக்கு நடுவிலும் செய்தியின் சாரத்தைப் பிடித்துவிடலாம். டிஆர்எம்மில் அது நடக்காது. ஓர் அளவுக்குக் கீழே போனால் சத்தமே இருக்காது. சிற்றலையில் சிக்னல் அடிக்கடி மங்குவதைச் சமாளிக்க, ஒலித் தரவைச் சுமார் 2 விநாடி நீளத்துக்கு முன்பின்னாகக் கலைத்து அனுப்புகிறார்கள். அதனால் விட்டுப்போன ஒலி திரும்ப வரக் கொஞ்சம் காத்திருக்க வேண்டும். முள்ளைத் திருப்பித் திருப்பிப் புது நிலையம் தேடுகிற பழக்கமும் இதில் செல்லாது. வீட்டிலுள்ள எல்இடி பல்பும் சார்ஜரும் கிளப்பும் இரைச்சல் வேறு. ஜன்னலுக்கு வெளியே ஒரு கம்பியை நீளமாக இழுத்துக் கட்டிய பிறகுதான் எனக்கு ஒலி நிலையாகக் கிடைத்தது. எத்தனை பேர் இதைச் செய்வார்கள்?

டிஆர்எம் மக்களிடம் பரவாமல் தோற்றதற்கு விலையைத்தான் எல்லோரும் காரணமாகச் சொல்கிறார்கள். எனக்கு இதுதான் முதல் காரணமாகப் படுகிறது: இந்த ரேடியோ யாருக்கு அதிகம் தேவையோ, அந்தத் தொலைதூர நேயருக்குத்தான் மௌனமும் அதிகம் கிடைக்கிறது.

விலையும் சிறிய தடை இல்லை. டிஆர்எம் கூட்டமைப்பு 1998-இல் உருவானது, 2003 ஜூனில் ஜெனீவாவில் முறையான ஒலிபரப்பு தொடங்கியது. ரிசீவர்களோ தாமதமாகத்தான் வந்தன, விலையும் எட்டவில்லை, பேட்டரியையும் வேகமாகத் தின்றன. கேட்க ஆள் இல்லை என்று நிலையங்கள் தயங்கின. நிலையம் இல்லை என்று தயாரிப்பாளர்கள் தயங்கினார்கள். அதற்குள் ஸ்மார்ட்போன் வந்துவிட்டது, பல நாடுகள் சிற்றலை ஒலிபரப்பையே குறைத்துக்கொண்டன.

இந்தியாவில் ஆல் இந்தியா ரேடியோ 30-க்கும் மேற்பட்ட மத்திய அலை டிரான்ஸ்மிட்டர்களை டிஆர்எம்முக்குத் தயார்செய்தது. லட்சக்கணக்கான கார்களில் ரிசீவரும் இருக்கிறது. வீட்டு மேசைக்கு மலிவான பெட்டி மட்டும் வரவே இல்லை. செல்போன் கோபுரங்கள் விழுந்த புயல் நாளிலும் எச்சரிக்கையைக் கொண்டுசேர்க்கும் வசதி டிஆர்எம்மில் உண்டு. அது வீடுகளுக்குப் போய்ச் சேரவில்லை என்பதில் எனக்கு உண்மையான வருத்தம்.

வாங்க நினைப்பவர்கள் முதலில் டிஆர்எம் உள்ள ஒரு காரில் உட்கார்ந்து, உங்கள் பகுதியில் மத்திய அலை பகலில் விடாமல் வருகிறதா என்று கேட்டுப் பாருங்கள். வந்தால் தயங்காமல் வாங்கலாம். சிற்றலையை மட்டும் நம்பி வாங்க வேண்டாம்.